ஆர்டிஸ் ஓட்டாத வண்டி

ஆர்டிஸ் பிரெக்கே பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். மின்னசோட்டாவின் மேற்குப் பக்கம், ஏரிக்கும் சோளக்காட்டுக்கும் நடுவே இருக்கும் சின்ன ஊர் அவளுடையது. பனி முழங்கால் வரை கொட்டிக் கிடக்கும் காலையிலும் அவளுடைய மஞ்சள் பஸ் நேரத்துக்கு வந்து நிற்கும். அறுபத்தொரு வயதில் இன்றைக்கும் அப்படித்தான். இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. பின் சீட்டில் ஒருவன் இன்னொருவன் தொப்பியைப் பிடுங்கினால், கண்ணாடியில் பார்த்து அவன் பெயரை மட்டும் சொல்வாள். அந்தக் குரலுக்கு மேயப் போன மாடும் திரும்பி வரும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

இப்படிப்பட்டவள் தன் வாசலில் நின்ற வீட்டு வண்டியை ஒரு நாளும் ஓட்டியதில்லை. கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளே அடங்கிய அந்த நீள வண்டியை ஓட்டுவது அவள் கணவர் ஹார்லன். அந்தப் பக்கத்தில் அது எழுதாத சட்டம். புருஷன் ஓட்டுவான். முகாம் வந்ததும் பெண்டாட்டி இறங்கிப் பின்னால் போய் நின்று, வா, இன்னும் வா, இடது பக்கம் ஒடி, நிறுத்து என்று கை காட்டுவாள். கோடையில் எந்த முகாமுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், சாயங்காலம் ஐந்து மணிக்கு வண்டியைப் பின்னால் எடுக்கும் நேரத்தில் பாதிக் கல்யாணங்கள் ஆட்டம் கண்டு நிற்கும். ஆர்டிஸுக்கும் ஹார்லனுக்கும் மட்டும் அதில் சண்டையே வந்ததில்லை. அவர் பக்கவாட்டுக் கண்ணாடியில் அவள் கையைப் பார்ப்பார், அது சொன்னபடி திருப்புவார், வண்டி கோடு போட்டது போலப் போய் உட்காரும். இறங்கி வந்து, "மோசமில்ல" என்பார். அந்த ஊர் ஆண் வாயிலிருந்து இதற்கு மேல் ஒரு பாராட்டு வராது.

இந்த ஜூன் மாதம் ஹார்லனின் அக்கா ஜாய்ஸுக்கு எழுபது நிறைகிறது. அதற்காக மொத்தக் குடும்பமும் மூன்று வண்டிகளில் தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் மலைக்குப் போவதாக ஏற்பாடு. பள்ளிக்கூடம் விடுமுறை விட்ட கையோடு மகன் டெரிக் மினியாபொலிஸிலிருந்து வந்து இறங்கினான். கூடவே மனைவி ரொசியோ, இரண்டு சின்னப் பெண்கள், டிக்கி நிறைய அட்டைப் பெட்டிகள். அவர்கள் நாலு பேரும் ஹார்லனின் வண்டியில் வருவதாகப் பேச்சு.

பெட்டிகளை டெரிக் கல்யாணச் சீர் இறக்குவது போல ஒவ்வொன்றாக இறக்கினான். டயரில் காற்று குறைந்தால் கூவும் மூடிகள். வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று போனில் காட்டும் கருவி. வானத்திலிருந்து இணையம் இழுக்கும் வெள்ளைத் தட்டு, எண்ணெய் இல்லாமல் பொரிக்கும் பெட்டி, இன்னும் என்னென்னவோ. கேஸ் சிலிண்டரின் அடியில் ஒட்டிக்கொண்டு எவ்வளவு மிச்சம் என்று சொல்லும் வில்லை ஒன்றும் இருந்தது. வாழ்நாள் முழுக்க வீடு வீடாக கேஸ் லாரி ஓட்டியவர் ஹார்லன். சிலிண்டர் மேல் வெந்நீர் ஊற்றித் தடவினால் இந்த விஷயம் தெரிந்துவிடாதா என்று கேட்டார். கேட்டுவிட்டு, மகன் முகம் வாடக் கூடாதே என்று தானே குனிந்து அதை ஒட்டியும் விட்டார்.

டயர் மூடிகள் முதல் நாளே வேலையைக் காட்டின. ஒரு டயரில் காற்றே இல்லை என்று விடாமல் கூவியது கருவி. அப்பனும் பிள்ளையும் முற்பகல் முழுக்க வண்டிக்கு அடியில் ஊர்ந்தார்கள். ஆறு டயரும் கல் மாதிரி இருந்தன. கடைசியில் பார்த்தால், உபரியாக வந்த ஏழாவது மூடி சமையலறையில் ரொட்டிப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தனக்குக் காற்று இல்லை என்று அழுதுகொண்டிருக்கிறது. ஆர்டிஸ் அதை எடுத்து வந்து இரண்டு பேர் முன்னாலும் நீட்டினாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் கேலி செய்வதில் அவளுக்கு ஈடு கிடையாது.

ஆனால் அவள் மனசு கேலியில் இல்லை. பயணம் என்ற பேச்சு எடுத்த நாளிலிருந்து அவளுக்குச் சரியாகத் தூக்கமில்லை. ஹார்லனுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரியும். தெரியும் என்பது அவருக்குத் தெரியுமா என்பதுதான் தெரியாது.

போன இலையுதிர் காலத்தில், வீட்டு வாசலில் இருந்த தபால் பெட்டிக் கம்பம் கோணலாக நிற்கிறது என்று சொல்லி அவர் மண்வெட்டியை எடுத்தார். அந்தக் கம்பம் நூல் பிடித்தது போல நேராக நின்ற கம்பம். அதைத் தோண்டி எடுத்து, திரும்ப நட்டு, சிமென்ட் ஊற்றி, தள்ளி நின்று பார்த்து, இப்பத்தான் நேரா இருக்கு என்றார். கம்பம் குடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறவன் மாதிரி தெருப் பக்கம் சாய்ந்து நின்றது. பனிக்காலம் முழுக்க அப்படியே நின்றது. தபால்காரர் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு தபால் போட்டார். எதிர்வீடு, பக்கத்து வீடு, சர்ச்சுக்குப் போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஒருத்தர் வாய் திறக்க வேண்டுமே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் அந்த ஊர்க்காரர்களை மிஞ்ச ஆளில்லை. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் மரியாதை.

அதற்கப்புறம் முழங்கால் வலி என்று சொல்லிக் காரை அவளிடமே விட்டுவிட்டார். காரில் ஏறி இறங்குவதுதான் கஷ்டமாம், வீட்டு வண்டியின் உயரமான சீட்டு முழங்காலுக்கு இதமாம். ஆர்டிஸ் கேட்டுக்கொண்டாள். அக்டோபரில் வீட்டு வண்டியில் ஏரியிலிருந்து திரும்பும்போது, நான் ஓட்டட்டுமா என்று ஒரு தடவை கேட்டாள். வேண்டாம், பாத்துக்கறேன் என்றார். நவம்பரில், நன்றி சொல்லும் நாள் விருந்துக்கு ஜாய்ஸ் வீட்டுக்கு இதே வண்டியில் கிளம்பும்போது இன்னொரு தடவை கேட்டாள். உனக்கெதுக்குச் சிரமம் என்றார். அதோடு விட்டுவிட்டாள்.

ஏன் விட்டாள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ரொசியோவும் ஒரு காலத்தில் வெளியூர்க்காரிதான், டெக்ஸஸ் பெண். கல்யாணமான புதிதில் மாமனார் அவள் வீட்டுக்கு வந்தபோது, சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். சரி என்று எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். மனுஷன் அன்றைக்குப் பட்டினியாகப் படுத்தார். மின்னசோட்டாவில் முதல் 'வேண்டாம்' நாகரிகம், இரண்டாவது 'வேண்டாம்' அடக்கம், மூன்றாவது தடவை கேட்கும்போது சொல்வதுதான் பதில் என்று டெரிக் அவளுக்கு விளக்குவதற்குள் அவனுக்கு நாக்கு வறண்டுவிட்டது.

ஆர்டிஸுக்கு அந்த மூன்றாவது தடவையை எடுக்கப் பயம். மூன்றாவதற்கும் அவர் வேண்டாம் என்றுவிட்டால் அது முடிந்த முடிவு, அப்புறம் அந்தப் பேச்சை எடுப்பது அவரை அவமதிப்பது. நாற்பது வருஷம் சக்கரம் பிடித்த மனுஷனைப் பார்த்து உன்னால் முடியாது என்று சொல்வதற்கு அவளுக்கு நெஞ்சு இல்லை. கேட்காமலே வைத்திருந்தாள். குளிர்காலம் போயிற்று, பனி கரைந்தது, ஜூன் வந்துவிட்டது. பேத்திகள் இரண்டும் இப்போது அந்த வண்டிக்குள் உட்கார்ந்து தங்கள் கட்டில் எது என்று அடித்துக்கொண்டிருந்தன.

கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம், டெரிக் கடைசிப் பெட்டியைப் பிரித்தான். வண்டியின் பின்னால் பொருத்தும் காமிரா. முன்னால் ஓட்டுகிறவர் பக்கத்தில் ஒரு திரை. பின்னால் எடுக்கும்போது அந்தத் திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கோடுகள் வரும், அவற்றைப் பார்த்து ஓட்டினால் போதும்.

"இனிமே நீ வெயில்ல நின்னு கை ஆட்ட வேணாம்மா. ராணி மாதிரி உள்ள உக்காந்துக்க" என்றான்.

நல்ல மனசோடுதான் சொன்னான். போன வருஷம் முழுக்க அந்த வண்டியைப் பின்னால் எடுத்தது ஆர்டிஸின் கைதான் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? அவள் சைகைகளைப் பெரிதாக்கியிருந்தாள். பஸ் ஆபீஸிலிருந்து ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்றை எடுத்து வந்து மாட்டிக்கொண்டிருந்தாள். கொசுவுக்காக என்று சொல்லியிருந்தாள். ஆரஞ்சைக் கண்டு எந்தக் கொசு பயந்தது என்று அவரும் கேட்கவில்லை.

ஹார்லன் ஏறி உட்கார்ந்தார். அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். வண்டி மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. அவர் திரையையே வெறித்துப் பார்த்தார். நேராக இருந்த கோடுகள் அவருக்கு எப்படித் தெரிந்தனவோ, சக்கரத்தை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். வண்டி புல் மேல் ஏறியது. திரையின் நடுவில் சிவப்புக் கோட்டுக்குள் சின்னப் பேத்தியின் மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. ஆர்டிஸ் பார்த்தாள். அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார், வண்டியும் போய்க்கொண்டேதான் இருந்தது.

"நிறுத்து" என்றாள், பஸ்ஸில் பேசும் குரலில்.

அதற்குள் நொறுங்கும் சத்தம் கேட்டுவிட்டது. ஆர்டிஸ் கதவைத் திறந்து குதித்து ஓடினாள். சைக்கிள் தகடாகக் கிடந்தது. சின்னவள் நாலு எட்டுத் தள்ளி, ரொசியோவின் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்று எல்லாரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டார்கள். காமிராவை நான்தான் சரியாக மாட்டவில்லை என்றான் டெரிக். சைக்கிளை யார் அங்கே விட்டது என்றார்கள். இந்த மாதிரி திரையில் வெயில் பட்டால் ஒன்றும் தெரியாது என்றார் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டு வெர்ன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்கிற கணக்கில் ஆளுக்கொரு சால்ஜாப்பு. ஹார்லன் மட்டும் நசுங்கிய சைக்கிளைக் கையில் எடுத்து, அதன் கைப்பிடியை நிமிர்த்தப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரொசியோ சமையலறையில் ஆர்டிஸைப் பிடித்தாள். கோபமாக இல்லை. அழுதிருந்தாள்.

"ஆர்டிஸ், அவருக்குக் கண்ணு தெரியல. உங்களுக்கும் அது தெரியும். எனக்கு உங்க ஊர் மாதிரி சுத்தி வளைக்கத் தெரியாது. எம்பிள்ளைங்க அவர் ஓட்டுற வண்டியில ஏறாது. நாளைக்குக் காலைல அவரு சாவிய எடுக்கறதுக்குள்ள நீங்க சொல்லிடுங்க. இல்லன்னா எல்லார் முன்னாலயும் நான் சொல்லிடுவேன். எனக்கு அது வேணாம். அவர எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

ஆர்டிஸ் தலையை ஆட்டினாள். அந்தப் பெண் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. தன்னோடு பஸ் ஓட்டும் வேறு யாருக்காவது இப்படிக் கண் தெரியாமல் போயிருந்தால் அன்றைக்கே சாவியைப் பிடுங்கியிருப்பாள் என்பது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது. ஊரார் பிள்ளைகளுக்கு ஒரு நியாயம், சொந்தப் பேத்திகளுக்கு ஒரு நியாயமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

இரண்டு கப் காப்பியும், ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு வைத்து அவளே செய்த கேக் துண்டு ஒன்றும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஜூன் மாதத்து வெயில் சாயங்காலமாகியும் போக மனமில்லாமல் ஏரிப் பக்கம் நின்றது. ஹார்லன் வீட்டு வண்டியில் ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். இஞ்சின் ஓடவில்லை. அவர் கை மட்டும் சக்கரத்தின் மேல் இருந்தது. அவள் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கேக் வேண்டுமா என்றாள். வேண்டாம் என்றார். நடுவில் வைத்தாள். கொஞ்ச நேரம் மழை வருமா என்று பேசினார்கள். ஜாய்ஸ் வண்டியில் ஆறு பேர் எப்படிப் படுப்பார்கள் என்று பேசினார்கள். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் ஆர்டிஸ் காப்பிக் கோப்பையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஒரு வாக்கியம். பஸ் நிறைய வானரங்களை ஒரு சொல்லில் அடக்குகிறவளுக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை.

அவர்தான் ஆரம்பித்தார்.

"அக்டோபர்ல ஒரு தடவ கேட்ட."

"ஆமா."

"ஜாய்ஸ் வீட்டுக்குப் போறப்ப ஒரு தடவ கேட்ட."

"கேட்டேன்."

"அப்புறம் நீ கேக்கவே இல்லையே, ஆர்டிஸ்."

அவளுக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது கோப்பையைக் கீழே வைத்தாள்.

"கேப்பன்னு இருந்தேன்" என்றார் ஹார்லன். "கிறிஸ்துமஸ் வரைக்கும் பாத்தேன். பனி கரையட்டும்னு இருக்காளோன்னு நெனச்சேன். மார்ச்சுல வெர்ன் என்னை ஃபார்கோவுக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனான். கண்ணுல நடுவுல மட்டும் போகுதாம், ஓரம் மிஞ்சுமாம். வந்து உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். நீயா ஒரு தடவ கேட்டுட்டா சுலபமா இருக்கும்னு இருந்துட்டேன். நீ கேக்கல. கேக்கலன்னதும், அப்ப நான் நல்லாத்தான் ஓட்டுறேன் போலன்னு நெனச்சுக்கிட்டேன். அப்படி நெனைக்கறதுக்கு எனக்கும் ஆசையாத்தானே இருந்துச்சு."

"நீ மூணாவது தடவயும் வேண்டாம்னு சொல்லிடுவியோன்னு பயந்துட்டேன்" என்றாள் ஆர்டிஸ்.

"இன்னிக்குச் சின்னவ அங்க நின்னிருந்தா?" என்றார் ஹார்லன்.

ஆர்டிஸ் அழுதாள். அவர் மேல் கோபமாக வந்தது, தன் மேல் அதைவிட அதிகமாக வந்தது, ஒரு கேள்வியை ஒரு குளிர்காலம் முழுக்க ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு உட்காரச் சொல்லிக்கொடுத்த ஊர் மேலும் வந்தது. அவர் தனியாக அந்தக் கண்ணோடு எத்தனை நாள் காலையில் எழுந்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஹார்லன், வண்டிய நான் ஓட்டட்டுமா?"

அவர் வண்டியிலிருந்து சாவியை உருவி எடுத்தார். கேக்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

"உனக்கு ரொம்பச் சிரமம் இல்லன்னா, சரி" என்றார்.

பிறகு, டெரிக்கிடமும் ரொசியோவிடமும் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். ரொசியோவிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும் என்றார். குரல் திடமாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். இதுதான் ஆர்டிஸுக்குத் தாங்கவில்லை. டிசம்பரிலிருந்தே இப்படித்தான். சாப்பிடும்போது, படுக்கும் முன், அவள் ஏதாவது பேசினால் உடனே முகம் வேறு பக்கம் போய்விடும். கண் விஷயத்தை மறைக்கிறார் என்று முதலில் நினைத்தாள். நாளாக ஆக, தன்னைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லையோ என்று தோன்ற ஆரம்பித்திருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இன்றைக்குச் சொன்னாள். "இப்பவாவது என்னைப் பாத்துப் பேசேன்."

ஹார்லன் அசையவில்லை. ஜன்னலுக்கு வெளியே கோணல் கம்பமும், புல்லும், வேலியும் இருந்தன.

"நேராப் பாத்தா உன் முகம் இருக்குற எடத்துல ஒரு கறைதான் தெரியுது, ஆர்டிஸ்" என்றார். "இப்படித் திரும்பினாத்தான் நீ வர்ற. நான் உன்னைத்தான் பாத்துட்டிருக்கேன்."